காபி ஆறுவதற்குள் ஓர் அதிகாரம்
வேதாகமத்தைக் காபி குடிக்கும் இடத்திலேயே வைத்துவிடுங்கள். காபி ஆறுவதற்குள் அதிலுள்ள நீதிமொழிகள் என்ற நூலில் அன்றைய தேதிக்குரிய அதிகாரத்தைப் படித்துவிடலாம். 12ஆம் தேதி என்றால் 12ஆம் அதிகாரம். மொத்தம் 31 அதிகாரங்கள். எங்கே விட்டோம் என்று தேட வேண்டாம், ஒரு நாள் தவறினாலும் பாக்கி சேராது. (வேதாகமம் முழுவதையும் ஒரே வருடத்தில் படிக்கும் திட்டங்கள் மூன்றாம் நூலான லேவியராகமத்திலேயே படுத்துவிடுவதற்கு இந்தப் பாக்கியும் ஒரு காரணம்.)

10ஆம் அதிகாரத்திலிருந்து பெரும்பாலும் ஒவ்வொரு வசனமும் தனித்தே நிற்கும். அதனால் ஒன்றோடு நிறுத்திக்கொண்டு, மிச்சக் காபியோடு அதையே அசைபோடலாம். பகையோடு உண்ணும் கொழுத்த விருந்தைவிட அன்போடு உண்ணும் கீரையே மேல் என்கிற 15:17 போதும், அன்றைய காலைக்கு.

யோபு, ரோமர் போன்ற வேதாகம நூல்களுக்கு இது சரிவராது. அங்கே வாதம் அதிகாரம் தாண்டி ஓடும். நேரம் ஒதுக்கி உட்கார்ந்துதான் படிக்க வேண்டும்.