‘மைண்ட்’ என்று கேட்டால் ‘யெஸ்’ சொல்லாதீர்கள்

வடசென்னையில் ராயபுரம், கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கமிருந்து படிக்கவோ வேலைக்கோ பிரிட்டன் வருபவர்களை முதல் வாரத்திலேயே தடுக்கி விடும் சொல் ஒன்று உண்டு. அகராதி தேவைப்படும் சொல்லே இல்லை. ‘மைண்ட்’தான். ‘மைண்டே சரியில்ல மச்சி’ என்று ஊரில் நாள் முழுக்கப் புழங்கியது.

பெயர்ச்சொல்லாக வந்தால் பயம் வேண்டாம். ‘மனசு’ என்று போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பொருந்தும். ‘பேர் இன் மைண்ட்’ என்றால் மனசில் வைத்துக்கொள். ‘ஐயம் இன் டூ மைண்ட்ஸ்’ என்றால் ரெண்டு மனசாக இருக்கிறது. ‘மைண்ட்’டும் சமஸ்கிருத ‘மனஸ்’ஸும் ஒரே வேரிலிருந்து வந்தவை, நம் மனசு அந்த மனஸிலிருந்து வந்தது. ‘மைண்ட்’ வினைச்சொல்லாக மாறும்போதுதான் வம்பு.

ரயிலில் உங்கள் பக்கத்து சீட்டில் பை இருக்கிறது. ஒருவர் வந்து, ‘டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?’ என்கிறார். நம் வாய் தானாக, ‘யெஸ், யெஸ், சிட்’ என்கிறது. முகம் சிரிக்கிறது, சொல்லோ ‘ஆமாம், எனக்கு ஆட்சேபம் இருக்கிறது’ என்கிறது. கேட்டவர் ஒரு நொடி திகைத்து நிற்பார். அதோடு நாம் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் குழப்பம் இரட்டிப்பு. அந்த ஊரில் அது ‘நோ’ மாதிரித் தெரியும்.

இதற்கு மருந்து பீச் ஸ்டேஷனிலேயே இருக்கிறது. கும்மிடிப்பூண்டி வண்டியில் சீட்டில் பை இருந்தால் எப்படிக் கேட்போம்? ‘இங்க ஆளு வருதா?’ பதில்: ‘இல்லபா, உக்காரு.’ அங்கே ‘இல்ல’ என்றால்தான் இடம். ‘டூ யூ மைண்ட்’ காதில் விழுந்ததும் ‘ஆளு வருதா?’ என்று கேட்டதாக எடுத்துக்கொள்ளுங்கள். பதில் சரியாக வந்துவிடும். ‘நோ, கோ அஹெட்’ அல்லது ‘நாட் அட் ஆல்’ என்று சொல்லிக்கொண்டே பையை மடிக்கு எடுங்கள். உள்ளூர்க்காரர்களே சில சமயம் ‘ஷ்யூர்’ என்பார்கள், அதுவும் சரிதான். எதுவும் நினைவுக்கு வராவிட்டால் பையை நகர்த்தினாலே போதும்.

நீங்கள் கேட்கும்போது வாக்கிய அமைப்பைக் கவனியுங்கள். ‘வுட் யூ மைண்ட் க்ளோஸிங் த டோர்?’ என்றால் கதவைச் சாத்துவது எதிராளி. ‘வுட் யூ மைண்ட் இஃப் ஐ க்ளோஸ்ட் த டோர்?’ என்றால் சாத்துவது நீங்கள். ‘க்ளோஸ்ட்’ என்று இறந்தகாலமாக இருந்தாலும் நேற்றைய கதை அல்ல, மரியாதைக்காக அப்படி. ‘வுட் யூ மைண்ட் டு க்ளோஸ்’ என்பது தப்பு. ‘சாத்துறதுக்கு’ என்று தமிழில் யோசிப்பதால்தான் அந்த ‘டு’ வந்து ஒட்டுகிறது.

அலுவலகத்தில் மேனேஜர், ‘வுட் யூ மைண்ட் ஹேவிங் எ லுக் அட் திஸ் டுடே?’ என்றால், அது முடிந்தால் பாருங்கள் என்பதல்ல. இன்றைக்கே பார்க்க வேண்டும். வீட்டுக்காரம்மா செருப்பைக் கழற்றச் சொல்வதும் இதே தோரணையில்தான் இருக்கும். ஆனால் வரிசையில் நடுவில் நுழைந்தவரிடம் யாராவது ‘டூ யூ மைண்ட்!’ என்று அழுத்திச் சொன்னால் அது கேள்வியே இல்லை. ‘இன்னாபா, கண்ணு தெரியல?’ என்று அர்த்தம்.

‘டீயா, காபியா?’ என்று கேட்டால் ‘ஐ டோன்ட் மைண்ட்’ சொல்லலாம். எதுவானாலும் சரி என்று பொருள். அதே அர்த்தம் என்று நினைத்து ‘ஐ டோன்ட் கேர்’ சொல்லிவிடாதீர்கள், மூஞ்சியில் அடித்தாற்போல் இருக்கும். ‘ஐ வுடன்ட் மைண்ட் எ கப் ஆஃப் டீ’ என்று ஒருவர் சொன்னால் அவருக்கு டீ வேண்டும், கெட்டிலைப் போடுங்கள். (நம்மூர்ப் பழக்கத்தில் மரியாதைக்கு ‘வேணாம்’ என்றால் அங்கே பெரும்பாலும் ரெண்டாவது முறை கேட்கமாட்டார்கள்.)

‘அவன் என்னை மைண்டே பண்ணல’ என்பதை அப்படியே ‘ஹி டிடன்ட் மைண்ட் மி’ ஆக்கினால், ‘நான் இருந்தது அவனுக்குத் தொந்தரவாக இல்லை’ என்று ஆகிவிடும். ‘ஹி இக்னோர்ட் மி’ என்பதுதான் நீங்கள் சொல்ல நினைத்தது.

மிச்சமிருப்பது ‘பாத்து’, ‘பாத்துக்கோ’ என்ற பொருள். லண்டன் பாதாள ரயிலில் 1968 முதல் ஒலிக்கும் ‘மைண்ட் த கேப்’ இந்த வகை. சில பிளாட்பாரங்கள் வளைந்தவை, பெட்டிகளோ நேரானவை. நடுவில் கால் போகிற அளவுக்கு இடுக்கு விழும். ‘மைண்ட் யுவர் ஹெட்’ என்றால் தலை இடிக்கும், குனி. ‘குட் யூ மைண்ட் மை பேக்?’ (என் பையைப் பாத்துக்கிறீங்களா?) என்று ஸ்டேஷனில் முன்பின் தெரியாதவர் கேட்டால், பையில் என்ன இருக்கிறதோ தெரியாது, ‘சாரி’ சொல்லி நகர்ந்துவிடுங்கள்.

குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் ‘மைண்ட்’தான். அதையே தொழிலாகச் செய்பவர் ‘சைல்ட்மைண்டர்’. பக்கத்து வீட்டுக்காரருக்காக ஒரு மணி நேரம் சும்மா பார்த்துக்கொள்வதில் தப்பில்லை. இங்கிலாந்தில் எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளைக் காசு வாங்கிக்கொண்டு உங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு 2 மணி நேரத்துக்கு மேல் பார்த்துக்கொள்வதானால், பள்ளிகளையும் குழந்தைப் பராமரிப்பையும் கண்காணிக்கும் ஆஃப்ஸ்டெட் என்ற அரசு அமைப்பிலோ சைல்ட்மைண்டர் ஏஜென்சியிலோ முதலில் பதிவு செய்ய வேண்டும். மாணவர் விசாவில் இருப்பவர்கள் அதற்கும் முன்னால் விசா நிபந்தனையைப் படியுங்கள். சுயதொழிலுக்கு அதில் அனுமதி இல்லை.