வீட்டு வேலையில் கை வைக்க மனம் வராத நாட்களுக்கு

என் படுக்கையறை மூலையில் ஒரு மர நாற்காலி இருக்கிறது. இரண்டு வருடமாக அதில் யாரும் உட்காரவில்லை, உட்கார இடமில்லை. துவைத்துக் காய்ந்து மடிக்காத துணிகள், ஒருமுறை உடுத்திவிட்டுத் துவைக்கப் போடலாமா வேண்டாமா என்று வைத்தவை, பொத்தான் அறுந்த ஒரு நீலச் சட்டை, இடுப்பில் இறுகிப்போன இரண்டு கால்சட்டைகள் என்று எல்லாம் அதன் மேல்தான். தினமும் இரவில் அந்தக் குவியலைப் பார்த்துவிட்டு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விளக்கை அணைப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை ஒரு கை பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன். காய்ந்த துணிகளை மடித்து அலமாரியில் வைக்க 9 நிமிடம் ஆனது. நீலச் சட்டையைக் கையில் எடுத்ததும் வேலை நின்றுவிட்டது. பொத்தான் தைப்பதா, யாருக்காவது கொடுப்பதா, தைத்தாலும் உடுத்துவேனா? கால்சட்டைகள் இன்னும் மோசம். கொஞ்சம் இளைத்துவிட்டால் போடலாமே என்று ஒரு எண்ணம். முக்கால் மணி நேரம் அந்த மூன்று துணிகளோடு மல்லுக்கட்டிவிட்டு, மூன்றையும் திரும்ப நாற்காலியிலேயே போட்டேன்.

அன்று புரிந்தது இதுதான். வீட்டில் நாம் தள்ளிப்போடுபவை இரண்டு வகை. பாத்திரம் தேய்ப்பது, துணி மடிப்பது, பெருக்கித் துடைப்பது போன்றவற்றில் யோசிக்க ஒன்றுமில்லை, தொடங்கினால் முடிந்துவிடும். அடைசலை ஒழிப்பது அப்படியல்ல, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முடிவு எடுக்க வேண்டும். முன்னதில் நம்மைத் தடுப்பது சலிப்பு. பின்னதில் தடுப்பது தயக்கம். இரண்டுக்கும் சேர்த்து சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்து நம்மையே திட்டிக்கொண்டிருந்தால் வழி பிறக்காது. சலிப்புக்கு வேறு மருந்து, தயக்கத்துக்கு வேறு மருந்து. இரண்டு வேலையையும் ஒரே மணி நேரத்தில் கலக்கவே கூடாது என்பது நான் இன்றுவரை விடாமல் பிடித்திருக்கும் விதி.

இது வெறும் வீட்டு அழகு பற்றிய கவலை இல்லை. 2010இல் டார்பி சாக்ஸ்பி, ரெனா ரெபெட்டி என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் தம்பதிகளைத் தங்கள் வீட்டைச் சுற்றிக் காட்டி விவரிக்கச் சொன்னார்கள். அடைசல், முடிக்காத வேலை என்ற பொருளில் அதிகம் பேசிய மனைவிமாருக்கு, கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் காலையிலிருந்து மாலைக்குள் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கவில்லை. எது எதற்குக் காரணம் என்று அந்த ஒரு ஆய்வை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தும் ஓய்வு கிடைக்காத அந்த உணர்வு எனக்கு நன்றாகத் தெரியும்.

முதலில், தினசரி வேலைகள்

ஒரு வாரம் கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எதையும் வேகமாகச் செய்ய வேண்டாம், எவ்வளவு நேரம் ஆகிறது என்று மட்டும் குறித்து வையுங்கள். நான் குறித்த தாள் இன்னும் சமையலறைக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறது. சிங்க் நிறைய இரவுப் பாத்திரம்: 14 நிமிடம். அடுப்பும் மேடையும் துடைக்க: 4. கைகழுவும் தொட்டி: 3. கூடம் பெருக்க: 6. பாத்திரம் தேய்க்க எப்படியும் அரை மணி நேரமாவது ஆகும் என்று அதுவரை மனதில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தப்புக் கணக்குதான் மலைப்பைக் கொடுத்தது. 14 என்று எழுதிய எண்ணைப் பார்த்த பிறகு, சிங்கைக் கண்டு சோர்ந்துபோவது பாதியாகக் குறைந்தது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒன்றைத்தான் செய்து பார்ப்பீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

அடுத்தது, உற்சாகம் வரட்டும் என்று காத்திருப்பதை விடுவது. 1970களில் பீட்டர் லூவின்சன் என்ற உளவியலாளர் மனச்சோர்வுக்கான சிகிச்சையில் ஒரு பாதையை வகுத்தார். மனம் சரியானால் செயல்படலாம் என்று இருக்காமல், சின்னச் சின்னச் செயல்களை நாளுக்குள் வைத்து அதன் வழியே மனநிலையை மேலே கொண்டுவருவது. அந்த வழி பின்னால் வளர்ந்து இன்றும் பயன்படுகிறது. வீட்டு வேலைக்கும் இது அப்படியே பொருந்துகிறது என்பது என் அனுபவம். கையில் ஈரம் பட்ட பிறகுதான் மனம் இறங்கி வருகிறது. ஐந்து நிமிடத்துக்கு அலாரம் வைத்து, மணி அடித்ததும் நிறுத்திவிடலாம் என்ற முழு அனுமதியோடு தொடங்குங்கள். அந்த அனுமதி உண்மையானதாக இருக்க வேண்டும். நிறுத்தத் தோன்றினால் நிறுத்திவிடுங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம். பெரும்பாலான நாட்களில் நான் மணி அடித்த பிறகும் தொடர்கிறேன். சில நாட்களில் ஐந்து நிமிடத்தோடு சரி. ஐந்து நிமிடத்தில் நான்கு தட்டாவது சுத்தமாகியிருக்கும்.

எப்போது செய்வது என்பதையும் மனநிலையிடம் விடாதீர்கள். "நேரம் கிடைக்கும்போது" என்று சொன்ன எந்த வேலையையும் நான் செய்ததில்லை. ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள். காலையில் தண்ணீர் கொதிக்கும் நேரத்தில் மேடை துடைப்பது. பல் தேய்த்ததும் அந்தத் தொட்டியையே ஒரு தேய்ப்பு. இதற்காகத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம், ஏற்கெனவே அங்கேதான் நிற்கிறீர்கள்.

சலிப்பு மிகுந்த வேலைக்கு ஒரு துணை வேண்டும். கேட்டி மில்க்மன் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், விறுவிறுப்பான ஒலி நாவல்களை உடற்பயிற்சிக் கூடத்தில் மட்டுமே கேட்க முடியும் என்று ஏற்பாடு செய்தபோது, தொடக்க வாரங்களில் அங்கே வருவது கூடியது. நாளாக ஆக அந்தப் பலன் மங்கியதும் அதே ஆய்வில் தெரிந்தது. நான் இதைத் துணி மடிக்கப் பயன்படுத்துகிறேன். கேட்டுக்கொண்டிருக்கும் கதையை வேறு எந்த நேரத்திலும் கேட்பதில்லை என்று வைத்திருக்கிறேன். அடுத்த அத்தியாயம் வேண்டுமென்றால் கூடையில் துணி இருக்க வேண்டும். சுவாரசியம் குறைகிற மாதிரி இருந்தால் கதையை மாற்றிவிடுவேன்.

இன்னொன்று, சாமான்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். துடைக்கும் துணியை எடுக்க மூன்று டப்பாக்களை நகர்த்த வேண்டியிருந்த காலத்தில் குளியலறை வாரக்கணக்கில் அப்படியே கிடந்தது. இப்போது குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு தூரிகையும் துணியும் தொங்குகின்றன.

உற்சாகம் பொங்கும் நாளில் ஒரு எச்சரிக்கை. பளிச்சென்று ஆகட்டும் என்று இரண்டு மூன்று திரவங்களைக் கலந்துவிடாதீர்கள். ப்ளீச்சோடு வினிகர் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அம்மோனியா உள்ளது சேர்ந்தால் குளோராமின் வரும். மூடிய குளியலறையில் இரண்டுமே நுரையீரலுக்கு ஆபத்து.

அப்புறம், அடைசல்

இதை இரவில் தொடங்காதீர்கள். நாள் முழுக்க முடிவெடுத்துக் களைத்த மூளைக்கு, ஒரு பழைய குடையை வைப்பதா போடுவதா என்பதுகூடப் பாரம். நான் விடுமுறை நாள் காலையில், சாப்பிட்ட பிறகு, 40 நிமிடம் மட்டும் உட்காருவேன். வீடு முழுவதையும் ஒரே நாளில் கவிழ்த்துப் போடுவது வேண்டாம். மாலை வரும்போது எல்லாம் கட்டிலின் மேல் இருக்கும், படுக்க இடம் இருக்காது, அள்ளித் திணிப்பதைத் தவிர வழி இருக்காது. ஒரு இழுப்பறை, அல்லது அலமாரியின் ஒரு தட்டு. அதோடு மூடிவிட வேண்டும்.

தொடங்க வேண்டிய இடம், பாசம் ஒட்டாத பொருட்கள். எனக்கு அது மருந்துப் பெட்டியும் ஒயர் இழுப்பறையும். மருந்துப் பெட்டியில் முடிவை அட்டையிலேயே அச்சிட்டிருக்கிறார்கள்: தேதி முடிந்தது, முடியாதது. (காலாவதி மருந்துகளையும் பழைய பேட்டரிகளையும் சாதாரணக் குப்பையில் போடாமல், அவற்றைத் தனியாக வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடுங்கள்.) ஒயர் இழுப்பறையில் 11 சார்ஜர் ஒயர்கள் இருந்தன. வீட்டிலிருந்த ஒவ்வொரு கருவியிலும் செருகிப் பார்த்தேன். நான்கு எதிலும் சேரவில்லை. அந்த நான்கும் வீட்டைவிட்டுப் போனபோது கிடைத்த நிம்மதியை வைத்துத்தான் அடுத்த வாரம் புத்தகத் தட்டில் கை வைத்தேன். முடிவெடுப்பதும் பழகப் பழகத்தான் வரும், எளிதானதில் பழகிக்கொள்ளுங்கள்.

உட்கார்ந்ததும் ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து மூன்று பக்கமாகப் பிரியுங்கள்: இருக்கட்டும், போகட்டும், தெரியவில்லை. "தெரியவில்லை" என்ற பக்கம் மிக முக்கியம். அது இல்லாததால்தான் நான் நீலச் சட்டையோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தெரியாதவற்றை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு ஒட்டி, மேலே ஆறு மாதம் தள்ளி ஒரு தேதி எழுதி, பரணில் வைத்துவிடுங்கள். அந்தத் தேதிக்குள் எதையாவது தேடி அதைத் திறந்தால், அந்தப் பொருள் வீட்டுக்குள் திரும்பட்டும். திறக்கவே இல்லை என்றால் முடிவு தானாக எடுக்கப்பட்டுவிட்டது.

ஏன் இத்தனை தயக்கம் என்பதற்குப் பொருளாதாரத்தில் ஒரு விளக்கம் இருக்கிறது. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990இல் வெளியிட்ட சோதனைகளில், ஒரு கூட்டத்தில் பாதிப் பேருக்குக் காபிக் குவளை கொடுத்தார்கள். சற்று நேரத்துக்கு முன் கையில் வந்த குவளையை விற்க அவர்கள் கேட்ட விலை, கிடைக்காதவர்கள் தரத் தயாராக இருந்த விலையைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. நம்முடையது ஆனதுமே ஒரு பொருளின் மதிப்பு நம் கண்ணுக்கு ஏறிவிடுகிறது. சற்று நேரம் வைத்திருந்த குவளைக்கே அப்படியென்றால், பத்து வருடம் அலமாரியில் இருந்த கால்சட்டையை என்ன சொல்வது? அதனால் நான் கேள்வியை மாற்றிக்கொண்டேன். "இது வேண்டுமா?" என்று கேட்பதில்லை, கேட்டால் எல்லாமே வேண்டும். "இது இன்று என்னிடம் இல்லையென்றால், கடையில் பார்த்து வாங்கியிருப்பேனா?" என்று கேட்கிறேன். கால்சட்டைகள் அன்றே போய்விட்டன. நீலச் சட்டைக்குப் பொத்தான் தைத்தேன், இப்போதும் உடுத்துகிறேன்.

போகட்டும் என்று பிரித்தவை அன்றே வாசலைத் தாண்ட வேண்டும். குறைந்தபட்சம் பைக்குள் போய், பை காலணிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். மறுநாள் வரை அறைக்குள் இருந்தால் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துவிடும், எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது. பழைய கைபேசி, கணினி என்றால் அதிலுள்ளதை அழித்துவிட்டுக் கொடுங்கள்.

வீட்டில் மற்றவர்களின் பொருட்களை அவர்களைக் கேட்காமல் தொடாதீர்கள். ஒருமுறை நான் கேட்காமல் போட்ட ஒரு தேய்ந்த பந்துக்காக என் மகன் அழுததை மறக்க முடியவில்லை. வீட்டில் யாராவது எதையும் விட முடியாமல், நடக்க இடமில்லாத அளவுக்குச் சேர்த்தபடி தவித்தால், அது பிடிவாதம் என்று எண்ணிச் சண்டை போடாதீர்கள். அது ஒரு மனநலச் சிக்கல் என்று 2013 முதல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் தனியாகவே இடம்பெற்றிருக்கிறது. உதவி கிடைக்கும். அதேபோல், உங்களுக்கே வாரக்கணக்கில் எழுந்து முகம் கழுவக்கூட மனம் வரவில்லை என்றால், ஐந்து நிமிட அலாரத்தை ஓரமாக வைத்துவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

நினைவுப் பொருட்களைக் கடைசிக்கு வையுங்கள். அம்மா போனபின் அவருடைய சாமான்கள் ஒரு பெட்டியில் மூன்று வருடம் என் கட்டிலுக்கு அடியில் இருந்தன. ஒயர்களில் தொடங்கி, துணி, புத்தகம், காகிதம் என்று எட்டு மாதம் கடந்த பிறகுதான் அதைத் திறக்கத் துணிந்தேன். அக்காவை வரச் சொல்லி இருவருமாக உட்கார்ந்தோம். ஒவ்வொன்றையும் எடுத்துப் பேசினோம், அழுதோம், சிலவற்றைப் படம் எடுத்துக்கொண்டோம். மூக்குக் கண்ணாடியை அக்கா எடுத்துக்கொண்டாள். அம்மா கணக்கு எழுதிய நோட்டு ஒன்றை நான் வைத்துக்கொண்டேன், இப்போது அது பெட்டிக்குள் இல்லை, என் மேசையில் இருக்கிறது. மற்றவற்றைக் கொடுத்துவிட்டோம். இந்த வேலைக்கு நேரக் கணக்கு வைக்காதீர்கள், தனியாகவும் செய்யாதீர்கள்.

ஒழித்த வீடு ஒழித்தபடியே இருக்காது. போன மாதம் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டு எழுந்தபோது நாற்காலி மறுபடி நிறைந்திருந்தது. பழக்கம் படிவதைப் பற்றி ஃபிலிப்பா லாலி குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தன்னியல்பாக மாற நடுத்தரமாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறியது. இடையில் ஒரு நாள் விடுபட்டதால் பெரிதாக எதுவும் கெடவில்லை என்றும் கண்டார்கள். எனக்கு விடுபட்டது ஏழு நாள். நாற்காலியை அன்று தொடவில்லை. கதவில் ஒட்டிய தாளைப் பார்த்தேன், பட்டியலில் மிகச் சிறியது கைகழுவும் தொட்டி, 3 நிமிடம். அதைத் தேய்த்துவிட்டுப் போய்ப் படுத்தேன். மறுநாள் கூடையில் துணியும், விட்ட இடத்தில் கதையும் காத்திருந்தன.