இலையுதிர்கால விடுமுறையில் உங்கள் முதல் மஃப்ளர்

கைப்பின்னல் கற்க வேண்டும் என்ற ஆசை பலருக்கும் குளிர் வந்து உறைத்த பிறகுதான் வருகிறது. அப்போது ஊசியை எடுத்தால் மஃப்ளர் முடிவதற்குள் குளிர்காலம் முடிந்துவிடும். இலையுதிர்காலத்தில் கிடைக்கும் விடுமுறைதான் இதற்குத் தோதான வேளை. வெயில் தணிந்திருக்கும், கம்பளி மடியில் கிடந்தாலும் புழுங்காது. சீக்கிரம் இருட்டிவிடுவதால் வீட்டில் எல்லோரும் ஒரே அறையில் கூடி உட்காரும் பொழுதும் நீளும்.

இந்தப் பதிவில் ஒரே ஒரு வகைக் கண்ணியைத்தான், அதாவது ஊசியில் நூலால் போடும் வளையத்தைத்தான், சொல்லித்தரப் போகிறேன். நிட் என்கிற அடிப்படைக் கண்ணி அது. எல்லா வரிசையையும் அதிலேயே பின்னிக்கொண்டு போனால் கார்டர் பின்னல் வரும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், ஓரம் சுருளாது, கழுத்தில் மெத்தென்று நிற்கும். பர்ல், கேபிள், வட்டமாகப் பின்னுவது எல்லாம் பிறகு வரட்டும். கை ஓர் அசைவை மறக்காத அளவுக்குப் பழகிவிட்டால் மற்றதெல்லாம் அதிலிருந்தே கிளைத்து வரும். ஒரே வாரத்தில் நாலைந்து வகையைத் தொட்டுப் பார்த்தால் எதுவும் கையில் தங்காது.

நூலும் ஊசியும்

நூலில் கஞ்சத்தனம் வேண்டாம், ஆடம்பரமும் வேண்டாம். வழவழப்பான, வெளிர் நிற, நடுத்தரத் தடிமன் கொண்ட கம்பளி நூல் போதும். பல நூல்களின் லேபிளில் தடிமனை 0 முதல் 7 வரை ஓர் எண்ணால் குறித்திருப்பார்கள். நீங்கள் தேட வேண்டியது 4. கம்பளி உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்றால் அக்ரிலிக் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றும் குறைவில்லை. பருத்தி நூல் இழுவை இல்லாதது, புதிய கைக்கு வலிக்கும். கறுப்பும் கருநீலமும் கண்ணிகளை மறைத்துவிடும். ரோமம் ரோமமாக இருக்கும் மொஹேர் நூல் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பிரிக்க நேர்ந்தால் இழைகள் ஒன்றோடொன்று சிக்கிப் பிரியவே பிரியாது.

4ஆம் எண் நூலுக்கு 5 மி.மீ. ஊசி. உலோக ஊசியில் கண்ணி வழுக்கி ஓடும். மூங்கில் ஊசி லேசாகப் பிடித்துக்கொள்ளும் என்பதால் தொடக்கத்துக்கு அதுவே நல்லது. இவற்றோடு ஒரு கத்தரிக்கோல், முனை மழுங்கிய பெரிய காதுள்ள ஊசி, ஒரு சேஃப்டி பின், ஒரு குரோஷே கொக்கி இருந்தால் போதும்.

100 கிராம் நூற்கண்டு இரண்டு வாங்குங்கள். இந்தத் தடிமனில் ஒரு கண்டில் சுமார் 200 மீட்டர் இருக்கும், மஃப்ளருக்கு 300 மீட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். இரண்டு கண்டின் லேபிளிலும் சாயத் தொகுதி எண் (ஒரே தடவையில் சாயம் ஏற்றிய நூல்களுக்குத் தரும் எண்) ஒன்றாக இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். கடை வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் நிறம், பின்னி முடித்தபின் நடுவில் கோடு போட்டதுபோல் பிரிந்து நிற்கும்.

நூல் சில சமயம் பந்தாக இல்லாமல் பெரிய வளையமாகச் சுற்றி முறுக்கி வரும். அதிலிருந்து நேராகப் பின்னவே கூடாது, சிக்கிக்கொள்ளும். ஒருவர் இரண்டு கைகளையும் நீட்டி வளையத்தை மாட்டிக்கொள்ள, இன்னொருவர் பந்தாகச் சுற்ற வேண்டும். விடுமுறையில் வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கு இந்த வேலை மிகவும் பிடிக்கும். இறுக்கிச் சுற்றினால் நூலின் இழுவை போய்விடும், தளர்வாகவே சுற்றச் சொல்லுங்கள்.

நாள் கணக்கு

32 கண்ணி அகலத்தில் பின்னினால் மஃப்ளர் 18 செ.மீ. அளவுக்கு வரும். 150 செ.மீ. நீளத்துக்கு ஏறக்குறைய 520 வரிசை. புதியவருக்கு ஒரு வரிசை மூன்று நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 26 மணி நேரம். பத்து நாள் விடுமுறை என்றால் நாளுக்கு இரண்டரை மணி நேரம், அதுவும் துண்டு துண்டாக. போகப் போக வேகம் கூடும். நாலைந்து நாள்தான் இருக்கிறது என்றால் தடித்த நூலும் 8 மி.மீ. ஊசியும் எடுத்து 18 கண்ணி மட்டும் ஏற்றுங்கள். வேலை பாதிக்கும் கீழே குறைந்துவிடும். விடுமுறைக்குள் முடியாத முதல் பின்னல் பெரும்பாலும் அலமாரிக்குப் போய்விடும் என்பதால் இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுவிடுவது நல்லது.

முதல் படி: கண்ணி ஏற்றுதல்

நூல் முனையில் 15 செ.மீ. விட்டு, நூலை ஒரு வளையமாக்குங்கள். பந்துக்குப் போகும் நூலை அந்த வளையத்துக்குள்ளிருந்து வெளியே எடுத்தால், இழுக்க இழுக்க இறுகும் சுருக்கு முடிச்சு கிடைக்கும். அதை இடது கை ஊசியில் மாட்டுங்கள். இதுவே முதல் கண்ணி.

வலது ஊசியின் முனையை அந்தக் கண்ணிக்குள் முன்னாலிருந்து பின்னால் போகும்படி நுழையுங்கள். இரண்டு ஊசியும் பெருக்கல் குறிபோல் நிற்கும், வலது ஊசி பின்னால் இருக்கும். பந்து நூலைப் பின்பக்கமிருந்து கொண்டுவந்து வலது ஊசியின் மேல் சுற்றி, இரண்டு ஊசிக்கும் நடுவே வரவிடுங்கள். இப்போது வலது ஊசி முனையால் அந்த நூலைக் கவ்வி, பழைய கண்ணி வழியாக உங்கள் பக்கம் இழுங்கள். புதிய வளையம் ஒன்று வந்திருக்கும். அதைக் கொஞ்சம் பெரிதாக்கி இடது ஊசியிலேயே மாட்டிவிடுங்கள். இரண்டாவது கண்ணி ஆயிற்று. இந்தப் புதிய கண்ணிக்குள் மறுபடி நுழைந்து, 32 வரும்வரை இதையே செய்யுங்கள்.

கண்ணி ஏற்ற வேறு பல முறைகள் உண்டு, சிலவற்றில் ஓரம் இதைவிட அழகாக அமையும். இருந்தும் நான் இதைச் சொல்வதற்குக் காரணம், 32 கண்ணி ஏற்றி முடிக்கும்போது நிட் கண்ணியில் முக்கால் பங்கை உங்கள் கை கற்றிருக்கும்.

இரண்டாம் படி: பின்னுதல்

முன்பு செய்தது போலவே நுழையுங்கள், சுற்றுங்கள், இழுங்கள். வித்தியாசம் கடைசியில் மட்டும்தான். புதிய வளையத்தை வலது ஊசியிலேயே வைத்துக்கொண்டு, பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து நழுவ விடுங்கள். நுழை, சுற்று, இழு, நழுவ விடு. முதல் சில வரிசைகளுக்கு இதை வாய்விட்டே சொல்லுங்கள், கை அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இடது ஊசி காலியானதும் ஒரு வரிசை முடிந்தது. ஊசிகளைக் கை மாற்றி, பின்னல் இருக்கும் ஊசியை இடது கையில் பிடித்து மறுபடி தொடங்குங்கள். முதல் வரிசை தொடங்கும்போது மட்டும், கையில் எடுத்தது பந்து நூல்தானா, தொங்கும் குட்டி முனையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இறுக்கம்தான் எல்லோரையும் படுத்தும் விஷயம். கண்ணி ஊசியில் நகர மறுத்தால் பெரும்பாலும் நீங்கள் ஊசியின் கூர்முனையிலேயே பின்னிக்கொண்டிருக்கிறீர்கள். முனை மெலிந்திருப்பதால் அங்கே உருவாகும் கண்ணியும் சிறுத்துவிடும். ஒவ்வொரு புதுக் கண்ணியையும் ஊசியின் முழுத் தடிமன் உள்ள இடம்வரை தள்ளி உட்கார வையுங்கள். நூலை விரல்களால் இறுக்கிப் பிடிக்காமல் சுண்டுவிரலில் ஒரு சுற்று சுற்றி ஓடவிடுங்கள். தோள் காதுவரை ஏறியிருந்தால் இறக்குங்கள். தோள் இறங்கியதும் கண்ணியும் தளர்வதை அடுத்த வரிசையிலேயே பார்க்கலாம்.

இடது கைப் பழக்கம் உள்ளவர்களும் இதே முறையில் கற்கலாம். இதில் இரண்டு கைக்கும் வேலை இருக்கிறது, பல இடதுகைக்காரர்கள் இப்படியேதான் பின்னுகிறார்கள்.

32 ஏன் 35 ஆகிறது?

புதியவர்கள் எல்லோருக்கும் நடப்பது இது. பின்னல் மெல்ல மெல்ல அகலமாகிக்கொண்டே போகும். இரண்டு இடங்களைப் பாருங்கள்.

ஒன்று, வரிசையின் தொடக்கம். ஊசியைத் திருப்பியதும் நூல் உங்கள் பக்கம் தொங்கும். அதை ஊசியின் மேலாகப் பின்னால் கொண்டுபோனால் முதல் கண்ணியின் இரண்டு கால்களும் மேலே இழுபட்டு, இரண்டு கண்ணிபோல் தெரியும். நீங்களும் இரண்டையும் தனித்தனியாகப் பின்னிவிடுவீர்கள். நூலை முதலில் கீழே இழுத்து, ஊசிக்கு அடியில் பின்பக்கம் கொண்டுபோங்கள். சிக்கலில் பெரும்பகுதி இதோடு தீர்ந்துவிடும்.

மற்றது, வரிசையின் நடுவில் நூல் தவறி முன்பக்கம் வந்து ஊசியில் சுற்றிக்கொள்வது. அந்த இடத்தில் சின்ன ஓட்டை விழும், ஒரு கண்ணியும் கூடும். நாலைந்து மேடுக்கு ஒரு தடவை கண்ணிகளை எண்ணுங்கள். மேடு என்பது பின்னலில் குறுக்கே ஓடும் தடித்த கோடு, ஒரு மேடு என்றால் இரண்டு வரிசை. ஒரு கண்ணி கூடியிருந்தால் ஓரத்தில் இரண்டு கண்ணிக்குள் ஒருசேர நுழைந்து ஒன்றாகப் பின்னிவிடுங்கள். அதற்காகப் பத்து வரிசையைப் பிரிக்க வேண்டாம்.

குறைந்திருந்தால் ஒரு கண்ணி நழுவிக் கீழே போயிருக்கும். பதறி இழுக்காதீர்கள். முதலில் சேஃப்டி பின்னைக் கொண்டு அதைக் கோத்துவிடுங்கள், அதற்குமேல் அது ஓடாது. நழுவிய கண்ணிக்கு மேலே கிடைமட்டமாக ஓர் இழை கிடக்கும். அந்த இழை கண்ணிக்குப் பின்னால் இருக்கும் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு, குரோஷே கொக்கியைக் கண்ணிக்குள் விட்டு இழையைக் கவ்வி முன்னால் இழுங்கள். பல வரிசை இறங்கியிருந்தால் ஒவ்வொரு இழைக்கும் பக்கம் மாற்ற வேண்டியிருக்கும். மேலே வந்ததும் ஊசியில் மாட்டிவிடுங்கள்.

வீட்டோடு சேர்ந்து பின்னுவது

பின்னலை அலமாரியில் வைக்காதீர்கள். நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கூடையில் இருக்கட்டும். அடுப்பில் ஏதோ கொதிக்கும் நேரத்தில் இரண்டு வரிசை, யாரோ குளித்துவிட்டு வருவதற்குள் மூன்று வரிசை என்று விடுமுறை நாளின் இடுக்குகளில்தான் மஃப்ளர் வளரும். இதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கக் காத்திருந்தால் முதல் நாளே கடந்துவிடும். எழுந்து போகும்போது வரிசையை முடித்துவிட்டுப் போங்கள். பாதியில் போயே ஆக வேண்டும் என்றால் ஒன்றை நினைவில் வையுங்கள்: திரும்பி வந்து எடுக்கும்போது பந்து நூல் தொங்கும் ஊசி வலது கையில் இருக்க வேண்டும். மாற்றிப் பிடித்தால் வந்த வழியே திரும்பப் பின்னிவிடுவீர்கள்.

பகல் மிக வேகமாகச் சுருங்குவது சமபகல்நாளை ஒட்டிய வாரங்களில்தான். பூமியின் வடபாதியில் இது செப்டம்பர் 22, 23 வாக்கில், தென்பாதியில் மார்ச் 20, 21 வாக்கில் வரும். ஆகவே எண்ணுவது, நழுவியதை எடுப்பது, புதிய கண்டு சேர்ப்பது போன்ற கண்ணுக்கு வேலை வைக்கும் காரியங்களைப் பகல் வெளிச்சத்தில் முடித்துவிடுங்கள். விளக்கடியில் நேர்ப்பின்னல் மட்டும். விளக்கு உங்கள் தோளுக்குப் பின்னால் ஒரு பக்கமாக இருந்தால் கண் கூசாது. அரைமணிக்கு ஒருமுறை ஊசியை வைத்துவிட்டு விரல்களை நன்றாக விரித்து மணிக்கட்டைச் சுழற்றுங்கள். மணிக்கட்டு வலித்தால் அன்றைக்குப் போதும்.

முதல் இரண்டு நாள் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு பின்ன வேண்டாம், கண்ணை எடுத்த இடத்தில்தான் கண்ணி நழுவும். வானொலியோ பேச்சோ பரவாயில்லை. ஒருவர் ஏதாவது வாசிக்க, மற்றவர் பின்னிக்கொண்டே கேட்பது அருமையான ஏற்பாடு. சின்னக் குழந்தைகள் இருந்தால் கூடையை மட்டும் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

முடித்தல்

முதல் கண்டு தீரும்போது வரிசையின் ஓரத்தில் நிறுத்தி, 15 செ.மீ. முனை விட்டு அடுத்த கண்டால் பின்னத் தொடங்குங்கள். நடுவில் முடிச்சுப் போட்டுச் சேர்த்தால் கழுத்தில் உறுத்தும்.

நீளம் போதும் என்றானதும் இரண்டு கண்ணி பின்னுங்கள். இடது ஊசி முனையால் வலது ஊசியிலுள்ள முதல் கண்ணியைத் தூக்கி, இரண்டாவதன் மேலாகத் தாண்டி விழவிடுங்கள். ஒன்று மிஞ்சும். இன்னொன்று பின்னி அதேபோல் தாண்டவிடுங்கள். இதைத் தளர்வாகச் செய்ய வேண்டும், இல்லையென்றால் முடிவு ஓரம் மட்டும் சுருங்கி நிற்கும். கடைசிக் கண்ணி வந்ததும் நூலை வெட்டி அதன் வழியே இழுத்துவிடுங்கள். தொங்கும் முனைகளை மழுங்கிய ஊசியில் கோத்து, ஒரு மேட்டின் ஓரமாக ஐந்தாறு செ.மீ. ஓட்டி, திசை மாற்றித் திரும்ப ஓட்டி வெட்டுங்கள்.

பிறகு வெதுவெதுப்பான நீரில் மிதமான சலவைத் திரவம் சில துளி விட்டு 15 நிமிடம் ஊறவிடுங்கள். கசக்காதீர்கள். கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. சூடும் ஈரமும் உரசலும் ஒன்றுசேர்ந்தால் அவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, துணியே சுருங்கித் தடித்துவிடும். அதற்கப்புறம் பழையபடி ஆக்க வழியில்லை. துண்டில் சுருட்டி அழுத்தி நீரை எடுத்து, சமமான இடத்தில் விரித்து, ஓரங்களை நேராக்கி உலர விடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈர எடையில் நீண்டுபோகும். கோணல்மாணலாக இருந்த கண்ணிகள் இந்த ஒரு நனைப்பில் எவ்வளவு ஒழுங்குக்கு வரும் என்பதைப் பார்த்தால் உங்களுக்கே நம்பிக்கை வந்துவிடும்.

மீந்த நூலைத் தூக்கிப் போடாதீர்கள். விடுமுறையில் நாள் மிச்சமிருந்தால் அதில் 20 கண்ணி ஏற்றி பர்ல் பழகலாம். நூல் உங்கள் பக்கம் இருக்க, ஊசி பின்னாலிருந்து முன்னால் நுழையும், அவ்வளவுதான் வேறுபாடு. ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று மாற்றி மாற்றிப் பின்னுங்கள். மேடு எதுவும் இல்லாத வழவழப்பான முகம் வரும், ஓரங்கள் சுருளும். சுருள்வதைப் பார்த்துப் பிரித்துவிட வேண்டாம், அந்தப் பின்னலின் இயல்பே அதுதான்.