வீட்டிலேயே பிபி பார்க்கும்போது

அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே காபி, டீ, சிகரெட் வேண்டாம். சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காராதீர்கள், அளவு ஏறிக் காட்டும். முதுகைச் சாய்த்து, கால்மேல் கால் போடாமல், பாதம் தரையில் பட ஐந்து நிமிடம் சும்மா இருங்கள்.

பட்டையைச் சட்டைக் கைக்கு மேல் சுற்றக் கூடாது. வெறும் கையில், முழங்கை மடிப்புக்கு இரண்டு செ.மீ. மேலே, நெஞ்சு மட்டத்தில் கை மேசைமீது இருக்கட்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் இல்லாத பிபியும் இருப்பதாகத் தெரியும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். அளக்கும்போது பேச்சும் கூடாது.

காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலையிலும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. ஏழு நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி எடுங்கள். 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். தலைவலி, மயக்கம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எந்த அறிகுறியும் இல்லாமலே சிறுநீரகம், இதயம், கண் நரம்பு பழுதாகும், பக்கவாதமும் வரும்.

180/120-ஐத் தாண்டி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் குழறல், ஒரு பக்கம் மரத்துப்போதல் இருந்தால் மறுபடி அளக்காமல் 108-ஐ அழையுங்கள்.