தார் பாலைவனத்தில் உயிர்களைப் பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெய்சல்மேர் பக்கம் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போவது எனக்குப் பல வருடப் பழக்கம். தொப்பி போடுங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். போன குளிர்காலம் வந்த குழு, முதல் வருடம் நான் செய்த அதே தவறுகளை வரிசை மாறாமல் செய்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

சப்பாத்திக் கள்ளியைத் தேடுவது

அது அமெரிக்கச் செடி, மனிதர்கள் கொண்டு வந்தது. தாரின் பாறைக் குன்றுகளில் நிற்கும் கள்ளி வேறு குடும்பம். கிள்ளினால் பால் வரும். ஆனால் இரண்டும் பிழைக்கிற வழி ஒன்றுதான். இரவின் குளிர்ச்சியில் தண்டின் நுண்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கி வைத்துக்கொள்ளும். பகலில் மூடிக்கொண்டு அதை வைத்து உணவு தயாரிக்கும். நீர் ஆவியாவது அந்த அளவுக்குக் குறைகிறது.

வெயில் உச்சியில் கிளம்புவது

ஒன்றும் கண்ணில் படாது. பாதி உயிர்கள் மண்ணுக்குள்ளே இருக்கும்.

சும்மா கிடக்கிற இடம் என்று மரம் நடுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

முதல் வருடம் நான் இருந்த குழு, சேவண் புல் வளர்ந்த மணல்வெளியில் மரக்கன்று நட்டது. லாரியில் தண்ணீர் வந்தது. புல் கொத்துக் கொத்தாக நின்றது. ஒரு கொத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டு மூன்று அடி வெறும் மணல். அங்கேதான் குழி வெட்டினோம். மண்வெட்டி இறங்க இறங்க வேர் அறுபட்டுக்கொண்டே வந்தது. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நூல் கனம்தான், சுற்றிலும் மணல் உறை போட்ட மாதிரி ஒட்டியிருந்தது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை.

அங்கே ஆண்டு மழை சராசரியாக 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்த மழைக்கு எத்தனை செடி தாங்குமோ அத்தனைதான் நிற்கும். மேலே வெறுமையாகத் தெரிகிற மணலைக் கீழே வேர்கள் ஏற்கெனவே பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. லாரி நின்ற அடுத்த கோடையில் கன்றுகள் கருகின. பிழைத்தது, வேலி ஓரம் வைத்த சீமைக் கருவேலம் மட்டும். ராமநாதபுரத்துக்காரர்களுக்கு மீதிக் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆடு மாடு காயைத் தின்று சாணத்தோடு விதையைப் பரப்ப, சில வருடத்தில் சேவண் நின்ற இடமெல்லாம் முள்.

நஷ்டம் புல்லோடு நிற்கவில்லை. கானமயில் என்கிற பெரிய தரைப்பறவை வெட்டவெளித் தரையில் முட்டையிடும், பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை. தூரத்திலேயே நரியைப் பார்த்துவிடுவதுதான் அதற்குக் காவல். மரம் வந்தால் பார்வை மறைகிறது, முட்டை திருடும் காகத்துக்கு உட்காரக் கிளை கிடைக்கிறது. உலகத்தில் மிஞ்சியிருக்கும் கானமயில்கள் 200-க்கும் குறைவு. பெரும்பாலானவை இந்த ஜெய்சல்மேர் வெளியில்தான் இருக்கின்றன.

"சரி சார், வன்னி நட்டால் தப்பில்லையே?" என்று ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் கேட்பார். வன்னி அந்த மண்ணின் மரம்தான். 1730-இல் கேஜர்லி ஊரில் வன்னி மரங்களைக் காக்க 363 பிஷ்னோய் மக்கள் உயிரைக் கொடுத்தார்கள். ஆனால் அங்குள்ள விவசாயி செய்வதைப் பாருங்கள். வயலில் தானாக முளைத்த வன்னியை வெட்டாமல் விட்டு, அதன் அடியிலேயே கம்பு விதைக்கிறார். புல்வெளியைக் கொத்தி நடுவதில்லை.

காய்ந்த குச்சி என்று ஒடிப்பது

கைர் புதருக்கு வருடத்தில் பெரும்பகுதி இலையே கிடையாது. பச்சைத் தண்டுதான் அதன் இலை. கை வைக்காதீர்கள்.

மூடிய வளையைக் கிளறுவது

முள்வால் பல்லி உள்ளே போனதும் வாசலை மண் தள்ளி அடைத்துக்கொள்ளும். அதனால் உள்ளே ஈரமும் மிதமான சூடும் நிலைக்கும், பாம்பும் எளிதில் நுழையாது. அடைத்த வளையைப் பார்த்துக் காலி என்று நினைத்துக் குச்சியால் குத்துகிறார்கள். மேலே நடந்து சரித்தும் விடுகிறார்கள். நாம் போன பிறகு அது தோண்டிச் சரிசெய்ய வேண்டும், அந்த வெயிலில்.

பதினைந்து அடி தள்ளி, நிழல் வளை மேல் விழாமல் உட்காருங்கள். பேசாதீர்கள். வெயில் ஏறி மணல் சூடானதும் அடைப்பு மண் உள்ளிருந்து லேசாக அசையும். முதலில் மூக்கு மட்டும் வரும். அப்புறம் ரொம்ப நேரம் எதுவும் நடக்காது. காத்திருங்கள்.