ஃப்ரெட்டர்னிட்டி, சொராரிட்டி: கையெழுத்துப் போடும் முன்

ஃப்ரெட்டர்னிட்டி, சொராரிட்டி என்பவை அமெரிக்கக் கல்லூரிகளில் கிரேக்க எழுத்துப் பெயர்களோடு இயங்கும் மாணவர் சங்கங்கள்: முதலாவது ஆண்களுக்கு, இரண்டாவது பெண்களுக்கு. எம்.எஸ். படிக்க அமெரிக்கா வந்தவர்களுக்கு இது அநேகமாகத் தேவைப்படாது. இந்தச் சங்கங்கள் பெரும்பாலும் இளநிலை மாணவர்களைத்தான் சேர்க்கின்றன. முதலாண்டில் கால் வைத்திருக்கும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் படியுங்கள்.

ஆண்களின் ஃப்ரெட்டர்னிட்டியில் ஆள் சேர்க்கும் 'ரஷ்' தளர்வானது. சில நாள் போய்ச் சாப்பிட்டுப் பேசிப் பழகுவீர்கள். பிடித்திருந்தால் 'பிட்' என்ற அழைப்பு வரும். பெண்களின் சொராரிட்டி அப்படியல்ல. பான்ஹெலனிக் என்ற சொராரிட்டிகளின் கூட்டமைப்பில் உள்ளவை முன்பதிவு, கட்டணம், பல சுற்றுகள் என்று முறையாக நடத்துகின்றன. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் இரு தரப்பும் வரிசைப்படுத்த, நீங்கள் போகும் 'வீடுகள்' (சொராரிட்டிகளை இப்படித்தான் சொல்வார்கள்) குறைந்துகொண்டே வரும். கடைசிச் சுற்றான 'பிரெஃபரன்ஸ்' முடிந்த கையோடு, எந்தெந்த வீட்டின் அழைப்பை ஏற்பீர்கள் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

பலரும் தடுமாறுவது இங்கேதான். எழுதிக் கொடுத்த வீட்டிலிருந்து வந்த அழைப்பை மறுத்தால், அடுத்த ஆண்டின் முதன்மைச் சேர்க்கை வரை அந்த வளாகத்தில் வேறு பான்ஹெலனிக் சொராரிட்டியில் சேர முடியாது. மனமில்லாத வீட்டை இடம் நிரப்ப எழுதாதீர்கள். ஒரே பெயரை எழுதினால் எதுவும் கிடைக்காமல் போகலாம், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் சேர்க்கையில் வழிகாட்டும் மூத்த மாணவியான ரெக்ரூட்மென்ட் கவுன்சிலரைக் கேளுங்கள்; பல வளாகங்களில் சேர்க்கை முடியும்வரை அவர் தன் சொராரிட்டியை விட்டு விலகி நிற்பவர்.

தெற்காசிய மாணவர்கள் தொடங்கியவையும் உண்டு: டெக்சாஸ் பல்கலைக்கழக ஆஸ்டின் வளாகத்தில் டெல்டா எப்சிலான் சை, ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் டெல்டா ஃபை ஒமேகா, இரண்டுமே 1998இல். இவை தகவல் கூட்டம் வைத்துச் சிறு குழுவாகச் சேர்க்கும்.

சந்தா, புது உறுப்பினர் கட்டணம், தேசிய அலுவலகக் கட்டணம், கூட்டத்துக்கு வராததற்கான அபராதம் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். இரண்டாமாண்டு சங்க வீட்டிலேயே தங்க வேண்டுமா என்பதையும் கேளுங்கள். கேட்காமல் வெளியே அபார்ட்மென்ட் ஒப்பந்தம் போட்டுவிட்டால் இரண்டு வாடகை.

சேர்ந்தபின் சில வாரங்கள் பயிற்சி. சங்க வரலாறு, விதிகள், படிப்பு நேரம், சேவை, வழிகாட்டியாக ஒரு மூத்த உறுப்பினர் என்று போகும். நேர்மையான சங்கம் தேதி போட்ட அட்டவணையைக் கையில் தரும். ஃபோனைப் பிடுங்குவது, தூங்கவிடாதது, எடுபிடி வேலை, குடிக்கச் சொல்வது, 'வெளியே சொல்லாதே' என்பது எல்லாம் ஹேஸிங். நம் ஊரில் ராகிங். தமிழ்நாடு 1997இலேயே சட்டம் போட்டுத் தடுத்தது. பாதிக்கப்பட்டவரே 'நானே ஒத்துக்கொண்டேன்' என்றாலும், அமெரிக்காவின் பல மாநிலங்களில் அது ஹேஸிங் செய்தவரைக் காப்பாற்றாது. 2017இல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பிட் ஏற்ற இரவே வேகவேகமாகக் குடிக்க வைக்கப்பட்ட மாணவர் படியில் விழுந்தார். மறுநாள் காலைவரை யாரும் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை, அவர் இறந்துபோனார்.

டிசம்பர் 2024இல் வந்த கூட்டாட்சிச் சட்டப்படி, ஹேஸிங் செய்து பிடிபட்ட சங்கங்களின் விவரத்தைக் கல்லூரி பொதுவில் வெளியிட வேண்டும். ரஷ்ஷுக்குப் போகும் முன்பே அதைத் தேடிப் படியுங்கள்.

குடித்தவர் எழுப்பியும் எழாவிட்டால் அவசர உதவி எண் 911ஐக் கூப்பிடுங்கள், பிறகு ஒருக்களித்துப் படுக்கவைத்து, உதவி வரும்வரை கூடவே இருங்கள். பல மாநிலங்களில் கூப்பிட்டவர் 21 வயதுக்குக் குறைந்தவரானாலும் குடித்ததற்கான வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு. பயிற்சியின் நடுவில் விலகவும் உங்களுக்கு உரிமை உண்டு: தலைவருக்கு மின்னஞ்சல் அனுப்பி, இந்தச் சங்கங்களைக் கவனிக்கும் கல்லூரியின் கிரீக் லைஃப் அலுவலகத்துக்கும் ஒரு நகல் போடுங்கள்.