வெளுத்த இலை: மரபணு ஒடுக்கத்தைச் சோதிக்கும் முறை

சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் செம்பனை மட்டை ஆரஞ்சு நிறமானால் மண்டோர் (மேற்பார்வையாளர்) முதலில் மக்னீசியத்தைத்தான் சந்தேகிப்பார். நியாயமான சந்தேகம். வெயில் படும் பழைய மட்டை நிறம் மாறி, இன்னோர் இலை மறைத்த இடம் மட்டும் பச்சையாக நின்றால் அது மக்னீசியக் குறை. கீசரைட் என்னும் மக்னீசிய உரம் போட வேண்டும். ஆனால் அந்த மக்னீசியத்தைப் பச்சைய மூலக்கூறின் நடுவில் பொருத்த ஒரு நொதி தேவை. அதன் பெயர் மக்னீசியம் கீலேட்டேஸ். அதற்கான மரபணு ஒடுங்கினால், அதாவது வேலை செய்யாமல் அடங்கினால், எவ்வளவு உரம் போட்டாலும் பச்சை வராது. புகையிலையில் ஒரு வைரஸோடு ஒட்டி வரும் துணை ஆர்என்ஏ இந்த நொதியின் மரபணுவையே ஒடுக்கி இலையை மஞ்சளாக்குகிறது என்பது 2011இல் தெரியவந்தது.

இதேபோல் வைரஸைக் கொண்டு ஒரு மரபணுவை ஒடுக்கலாம்: செடியின் மரபணுத் துண்டைச் சுமந்த வைரஸை எதிர்க்கும்போது, செடி தன் சொந்த மரபணுவின் ஆர்என்ஏயையும் சேர்த்து அழித்துவிடும். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் இதைச் செய்து பார்க்கப் போகும் நம் பிள்ளைகளுக்கான குறிப்பு இது. வைரஸைச் செடிக்குள் கொண்டுபோவது மரபணு மாற்றிய பாக்டீரியா என்பதால் மலேசியாவின் 2007ஆம் ஆண்டு உயிரியல் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். பல்கலைக்கழகத்தின் பாதுகாப்புக் குழுவிடம் முதலில் பேசுங்கள். வீட்டில் செய்யவே கூடாது.

செடி: புகையிலையின் உறவான நிக்கோட்டியானா பெந்தாமியானா, மூன்று வாரம் வளர்ந்தது, நான்கு இலை. வைரஸ்: டிஆர்வி (டொபாக்கோ ராட்டில் வைரஸ்), இதன் ஆர்என்ஏ இரண்டு பாகமாக இருக்கும். அதன் இரண்டாம் பாகத்தில் இலக்கு மரபணுவின் 300 முதல் 500 எழுத்து நீளத் துண்டைச் செருக வேண்டும். இரு பாகங்களையும் செடிக்குள் மரபணுவைச் செலுத்தும் பாக்டீரியாவான அக்ரோபாக்டீரியத்தில் தனித்தனியாக 28 டிகிரியில் ஓர் இரவு வளர்த்து, சுழற்றிப் படியும் பாக்டீரியா வண்டலை 10 மில்லிமோலார் மக்னீசியம் குளோரைடு, 10 மில்லிமோலார் எம்இஎஸ் (அமிலத்தன்மையை நிலைநிறுத்தும் தாங்கல், பிஎச் 5.6), 200 மைக்ரோமோலார் அசிட்டோசிரிங்கோன் (பாக்டீரியாவைத் தூண்டும் பொருள்) உள்ள கரைசலில் கலக்குங்கள். 600 நானோமீட்டரில் ஒளி அடர்த்தி 1.0 இருக்கட்டும். மூன்று மணி நேரம் அறை வெப்பத்தில் வைத்து, சம அளவில் கலந்து, ஊசியில்லாத 1 மில்லி சிரிஞ்சை இலையின் அடிப்பக்கம் வைத்து மெல்ல அழுத்துங்கள். கரைசல் பரவும் இடம் ஈரக்கறையாகக் கருக்கும்.

பலருக்கு இங்கேதான் தவறும். செடியை நம் ஊர் வெப்பத்தில் வைத்தால் ஒடுக்கம் மங்கிவிடும். ஏர்கோன் அறையில் 20 முதல் 22 டிகிரி வேண்டும். கரைசல் ஏற்றிய இலையையே பார்த்துக்கொண்டிருப்பதும் வீண். 7 முதல் 14 நாளில் மேலே வரும் புது இலையில், நரம்பை ஒட்டித்தான் நிறம் முதலில் மாறும்.

நிறமே காரணத்தைச் சொல்லும். கீலேட்டேஸ் நொதியின் பாகங்களில் ஒன்றான எச் பகுதியை ஒடுக்கினால் இலை மஞ்சள்: பச்சையம் உருவாகவில்லை, கரோட்டினாய்டு என்னும் மஞ்சள் நிறமி நிற்கிறது. கரோட்டினாய்டை உருவாக்கும் நொதியான ஃபைட்டோயீன் டிசாச்சுரேஸை ஒடுக்கினால் வெள்ளை: கரோட்டினாய்டின் காவல் போனதால் வெளிச்சமே பச்சையத்தை அழித்துவிடுகிறது. ஆகவே எல்லாச் செடிக்கும் ஒரே அளவு வெளிச்சம் கொடுங்கள்.

ஒப்பீட்டுச் செடிக்கு வெற்று வைரஸ் போதாது, அதுவே செடியைக் குட்டையாக்கும். செடியில் இல்லாத ஜெல்லிமீன் ஒளிப் புரத மரபணுத் துண்டைச் செருகியதைப் பயன்படுத்துங்கள்.

பச்சையத்தை அளவிட, 0.1 கிராம் இலையை 80 விழுக்காடு அசிட்டோனில் அரைத்து, வடித்து, 10 மில்லியாக்குங்கள். குழாயை அலுமினியத் தாளால் மூடுங்கள், வெளிச்சம் பட்டால் பச்சையம் சிதையும். ஒளி உறிஞ்சலை அளக்கும் சிறு குழாய் (குவெட்) கண்ணாடியாகவே வேண்டும். மலிவான பிளாஸ்டிக்கை அசிட்டோன் மங்கலாக்கிவிடும். 645 நானோமீட்டர் ஒளி உறிஞ்சல் அளவை 20.2ஆலும் 663 அளவை 8.02ஆலும் பெருக்கிக் கூட்டி, 10ஆல் வகுத்தால் ஒரு கிராம் இலைக்கு எத்தனை மில்லிகிராம் பச்சையம் என்று கிடைக்கும். 663 அளவு 0.8க்கு மேல் போனால் நீர்த்து, நீர்த்த மடங்கால் பெருக்குங்கள்.

பசுங்கணிகத்தைப் பார்க்க, வெள்ளையும் பச்சையும் சந்திக்கும் ஓரத்தை மெல்லிதாக வெட்டி, ஒளிர்வு நுண்ணோக்கியில் நீல ஒளியில் வையுங்கள். நல்ல செல்லில் சிவப்பு மணிகள் சுவரோரம் நெருங்கி நிற்கும். வெளுத்த செல்லில் அவை சிறுத்து, சிவப்பு மங்கிப்போயிருக்கும்.

ஒடுக்கம் நடந்ததா என்று இலக்கு மரபணுவின் ஆர்என்ஏயை அளவிடும்போது, பெருக்கத்தைத் தொடங்கும் சிறு துண்டான பிரைமரை வைரஸில் செருகிய துண்டுக்கு வெளியே அமையுங்கள், இல்லாவிட்டால் வைரஸின் ஆர்என்ஏயும் சேர்ந்து பெருகி, ஒடுக்கமே நடக்காதது போல் காட்டும். இன்னொன்று: பசுங்கணிகம் பழுதானால் அது உட்கருவுக்குச் செய்தி அனுப்பி, வேறு பல ஒளிச்சேர்க்கை மரபணுக்களையும் குறைத்துவிடும். அவற்றையும் நீங்கள்தான் ஒடுக்கினீர்கள் என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள்.

முடிந்ததும் செடி, மண், சிரிஞ்ச் எல்லாம் 121 டிகிரி ஆட்டோகிளேவில் போன பிறகே குப்பைக்கு.